மொட்டைக் கடுதாசியின் சொந்தக்காரி

நங்கூரத் தெரு பால்வாடியின் ஜெபசெல்வி டீச்சருக்கு உமாராணியின் மேல் பொறாமை என்று யாராவது வாய்விட்டுச் சொன்னால் அவ்வளவுதான், சண்டைக்கு வந்துவிடுவாள். "எனக்கு என்னத்துக்குப் பொறாமை? அவகிட்ட அப்படி என்ன இருக்கு?" என்று கேட்பாள். கேட்ட கையோடு, உமாராணியிடம் என்னென்ன இருக்கிறது என்று அவளே ஒன்று விடாமல் அடுக்குவாள். அவள் மையத்தில் மூன்று மின்விசிறியும் சுற்றுகிறது. சுவர் முழுக்க மீன் படம். முப்பத்தொரு பிள்ளைகள், அதில் காலையில் அழுதுகொண்டு வருகிற பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது. வேலைக்கு வந்து ஐந்து வருஷம்தான் ஆகிறது, அதற்குள் மாவட்ட அளவில் ஒரு கேடயம். முத்தையாபுரத்திலிருந்து பஸ்ஸில் இடிபட்டு வருகிறவள், ஒரு நாளாவது சேலை கசங்கி வந்திருக்கிறாளா என்றால் அதுவும் இல்லை. இந்த இடத்துக்கு வரும்போது ஜெபசெல்வியின் தொண்டை அடைத்துக்கொள்ளும். பொறாமை இல்லாத மனுஷிக்குத் தொண்டை ஏன் அடைக்க வேண்டும் என்று எதிரே இருப்பவர்கள் யாரும் கேட்டதில்லை. கேட்கிற தைரியம் அந்தத் தெருவில் ஒருவருக்கும் கிடையாது.

ஜெபசெல்வி அந்தத் தெருவிலேயே பிறந்து, அந்தத் தெருவிலேயே வாழ்க்கைப்பட்டு, அந்தத் தெரு மையத்திலேயே இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறவள். அப்பா சங்கு குளித்தவர். புருஷன் டேவிட்சன் ஃபைபர் படகில் மீன்பிடிக்கப் போகிறவன். அவளுக்கென்று ஊரில் ஒரு பெயர் உண்டு: நல்ல தமிழ் பேசுகிற டீச்சர். 'சாப்பாடு' என்று எழுத வேண்டிய இடத்தில் 'உணவு' என்று எழுதுவாள். பிள்ளைகள் சண்டை போட்டால் 'ஒழுங்கீனம்' என்பாள். மாதக் கூட்டத்தில் அவள் எழுந்து பேச ஆரம்பித்தால் பக்கத்து மையக்காரிகள் செல்போனை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்கள், ஏனென்றால் சீக்கிரம் முடியாது.

பிள்ளைகளின் கடற்கரைப் பேச்சைத் திருத்துவதைத்தான் அவள் தன் வாழ்நாள் வேலையாக வைத்திருந்தாள். 'குசினி' என்று ஒரு பிள்ளை சொன்னால், "சமையலறை" என்று மூன்று தரம் சொல்ல வைப்பாள். முட்டை நாளில் முட்டையை எண்ணும்போது பிள்ளைகள், "லாபம், ரெண்டு, மூணு" என்று ஆரம்பிக்கும். மீனோ நண்டோ, எதையும் எண்ணத் தொடங்கும்போது முதல் எண்ணை 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்று சொல்வது அங்கே வீட்டுக்கு வீடு உள்ள வழக்கம். ஜெபசெல்வி அதை விடமாட்டாள். "லாபம் கடையில. இங்கன ஒன்று. எங்க, சொல்லு, ஒன்று." பிள்ளை 'ஒன்று' என்று சொல்லும்வரை முட்டை கைக்கு வராது. தாய்மாருக்கும் அதில் பெருமைதான். நம்ம பிள்ள டவுன் பிள்ள கணக்காப் பேசுதே என்று கன்னத்தைக் கிள்ளுவார்கள்.

அப்படி இருந்த இடத்தில்தான் நாலு தெரு தள்ளி, சங்குக்கூடத் தெரு மையத்துக்கு உமாராணி வந்து சேர்ந்தாள். அவள் பிறந்தது உடன்குடிப் பக்கம், கருப்பட்டிக் கடைக்காரர் வீட்டுப் பெண். கடலைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அது உப்பு என்பது மட்டும்தான். பிள்ளைகள் பேசுவதில் பாதி அவளுக்கு விளங்கவில்லை. விளங்காததால் கேட்டாள். "இதுக்கு உங்க வீட்டுல என்னல சொல்லுவாங்க?" என்று மூன்று வயசுப் பிள்ளையிடம் கேட்டு, சொன்னதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். சாயங்காலம் தாய்மாரிடம் கேட்டாள். வலை பின்னுகிறவர்களிடம் கேட்டாள். தாங்கள் சொல்வதை ஒரு டீச்சர் எழுதிக்கொள்கிறாள் என்பது பிள்ளைகளுக்குப் பெரிய சந்தோஷமாகப் போய்விட்டது. டீச்சருக்குத் தெரியாதது நமக்குத் தெரிகிறதே என்று ஓடிஓடி வந்தன.

நங்கூரத் தெருவிலிருந்தே இரண்டு பிள்ளைகள் அங்கே மாறிப்போயின. அதில் ஒன்று அனிஷா. ஜெபசெல்வியின் சொந்தத் தம்பி ரோச்சின் மகள்.

"பிள்ள அங்கதான் போவேன்னு அழுவுதாக்கா, நான் என்ன செய்ய?" என்று ரோச் தலையைச் சொறிந்தான். ஜெபசெல்வி சிரித்துக்கொண்டே, "அதுக்கென்னல, எங்க போனாலும் பிள்ள படிச்சாச் சரிதான்" என்றாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய் ஒரு பானையைக் கழுவுகிறேன் என்று அரைமணி நேரம் தேய்த்தாள். பானைதான் மெலிந்தது.

அதைவிடப் பெரிய அடி ஒரு ஞாயிற்றுக்கிழமை விழுந்தது. பூசை முடிந்து தம்பி குடும்பம் சாப்பிட வந்திருந்தது. ஜெபசெல்வி நண்டை எண்ணிச் சட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். "ஒன்று, இரண்டு..." என்று அவள் தொடங்கியதும், பக்கத்தில் குத்தவைத்திருந்த அனிஷா அவள் கையைப் பிடித்தாள்.

"அத்த, ஒன்னு இல்ல. லாபம். உமா டீச்சர் சொன்னாங்க."

டேவிட்சன் விழுந்துவிழுந்து சிரித்தான். உடன்குடிக்காரி வந்து நங்கூரத் தெருக்காரிக்கு நண்டு எண்ணச் சொல்லிக்கொடுக்கிறாள்! ஜெபசெல்விக்கு அந்த நண்டுக் குழம்பு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் அரசாங்கத்திலிருந்து அந்தச் சுற்றறிக்கை வந்தது. கடற்கரையின் பூர்வகுடி மக்களுடைய பேச்சு, விளையாட்டு, வழக்கங்களை மழலைக் கல்வியில் சேர்ப்பதற்கு ஒரு திட்டம். விண்ணப்பிக்கிற மையங்களில் மாவட்டத்துக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்து மூன்று லட்சம் நிதி தருவார்கள். அந்த மையத்துக்கு 'முன்மாதிரிப் பண்பாட்டு மையம்' என்று பெயர். வாசலில் பலகை. பலகையில் பொறுப்பாளர் பெயர்.

மூன்று லட்சத்தை ஜெபசெல்வி பெரிதாக நினைக்கவில்லை. அது எப்படியும் பாயிலும் பொம்மையிலும் போகிற காசு. அவள் மனசு போய் ஒட்டிக்கொண்டது அந்தப் பலகையில்தான். இது நம்ம ஜனம், நம்ம கடல், இதற்குப் பொறுப்பாளர் என்று வேறு யார் பெயரை எழுத முடியும்? பன்னிரண்டு பக்கத்தில் விண்ணப்பம் எழுதினாள். பிழை என்று சொல்லி ஒரு புள்ளியைக்கூட யாரும் தொட முடியாது. கோலம் போடப் பழக்குவோம் என்று எழுதினாள். பரத முத்திரைகள், பொங்கல் விழா, நீதிப் பாடல்கள், மாறுவேடப் போட்டி என்று எழுதினாள். எழுதி முடித்துத் தானே ஒருதரம் சத்தமாக வாசித்துப் பார்த்தபோது அவளுக்கே புல்லரித்தது.

மறுநாள் மத்தியானம் உமாராணி அவள் மையத்துக்கு வந்தாள். கையில் கனமான ஒரு ஃபைல்.

"அக்கா, நீங்க கொஞ்சம் பாக்கணும். நான் வெளியூர்க்காரி, ஏதாவது தப்பா எழுதியிருப்பேன். அதோட இதுல இன்னொன்னு கேக்காங்க. உள்ளூர்ச் சமூகத்து ஆளு ஒருத்தர் வள நபரா கூட இருக்கணுமாம். அவங்க எழுதுன குறிப்பும் வேணுமாம். உங்கள விட்டா எனக்கு யாருக்கா இருக்கா?"

ஜெபசெல்வி ஃபைலைப் பிரித்தாள். எண்பத்து நாலு பக்கம். பக்கத்துக்குப் பக்கம் போட்டோ. பிள்ளைகள் முட்டையை 'லாபம்' சொல்லி எண்ணுகின்றன. பிள்ளைகள் காற்றின் பெயர்களைச் சொல்லி, அந்தந்தத் திசையில் கையை நீட்டுகின்றன. ஒரு பிள்ளை பாயில் முங்கு நீச்சல் போடுகிறது, இன்னொரு பிள்ளை அதன் இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கீழே எழுதியிருந்தது: 'சங்கு குளி விளையாட்டு. கயிறு பிடிப்பவர் மச்சான்.' கயிற்றைப் பிடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற பிள்ளை அனிஷா.

ஜெபசெல்விக்கு அடிவயிற்றில் ஒரு நெருப்பு பற்றியது. பற்றியதோடு, அவளுடைய கண் தன் வேலையைச் செய்தது. தப்புகள் தெரிந்தன. ஒன்றிரண்டல்ல, பக்கத்துக்கு ஒன்று. எல்லாம் இந்தக் கரையில் பிறந்தவளின் கண்ணுக்கு மட்டும் தெரிகிற தப்புகள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றாள்.

"நெசமாவாக்கா?"

"ஆமா. ஆனா கையெழுத்தெல்லாம் நான் போடமுடியாது உமா. நானும் மனு போட்டிருக்கேன்லா? நாளைக்கு யாரும் ஒரு பேச்சு பேசிரக்கூடாது."

உமாராணி முகம் வாடினாலும், "அதுவும் சரிதான்க்கா" என்று ஃபைலைக் கட்டிக்கொண்டு போனாள்.

சொல்லாமல் விட்டோம் என்பது அன்று முழுக்க ஜெபசெல்விக்கு இனித்தது. மறுநாள் அது அரிக்க ஆரம்பித்தது. இருபத்திரண்டு வருஷமாகத் தப்பைக் கண்டால் திருத்தியே பழகின கை அது. இவ்வளவு தப்பையும் உள்ளே வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. மாவு கிண்டும்போது நினைவு வந்தது, பிள்ளைகளுக்கு எடை பார்க்கும்போது நினைவு வந்தது. மூன்றாம் நாள் மத்தியானம், பிள்ளைகளெல்லாம் பாயில் தூங்கிக்கொண்டிருந்தபோது, வேறு ஏரியாக் கடையில் வாங்கிய கோடு போட்ட தாளை எடுத்து வைத்துக்கொண்டு, எழுத்தை இடப்பக்கம் சாய்த்து, திட்ட அலுவலருக்கு ஒரு மொட்டைக் கடுதாசி எழுத உட்கார்ந்தாள்.

ஒரு பக்கத்தில் முடிப்பதாகத்தான் எண்ணம். வெளியூரிலிருந்து வந்த ஓர் ஊழியர் கடற்கரைப் பண்பாடு என்ற பெயரில் குழந்தைகளைக் கெடுக்கிறார், இந்த ஒழுங்கீனத்தை விசாரிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் என்ன ஒழுங்கீனம் என்று சொல்ல வேண்டுமே. சொல்லத் தொடங்கினாள். தொடங்கியது நிற்கவில்லை.

'லாபம் என்பது முதல் எண்ணுக்கு மட்டுமே உரிய சொல். இந்த ஊழியரோ பதினொன்றைப் பத்து லாபம் என்றும், இருபத்தொன்றை இருபது லாபம் என்றும் சொல்ல வைத்திருக்கிறார். எண்ணிக்கை நட்டத்தில் தொடங்கக் கூடாது என்பதற்காக வைத்த சொல்லை எண்ணிக்கை முழுக்கத் தூவுவது, உப்பு கேட்டவன் இலையில் உப்பளத்தையே கொட்டுவதற்கு ஒப்பாகும்' என்று எழுதினாள். இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் மூன்று தரம் அடித்து எழுதினாள். சரியாக வந்ததும் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கச்சான் காற்று கடலிலிருந்து வருவதாக உமாராணி படத்தில் அம்பு போட்டிருந்தாள். 'கச்சான் மேற்கிலிருந்து வருவது. எங்களுக்குக் கடல் கிழக்கே. கச்சான் கரையிலிருந்து கடலுக்குப் போகும் காற்று என்பது தவழும் பிள்ளைக்கும் தெரியும்' என்று அதற்கு ஒரு பக்கம். குசினியை உமாராணி பழந்தமிழ்ச் சொல் பட்டியலில் சேர்த்திருந்தாள். 'அது போர்த்துகீசியன் விட்டுப்போன சொல். எங்கள் வாயில் ஐந்நூறு வருஷமாகக் கிடப்பதால் எங்களுடையது. ஆனால் பழந்தமிழ் ஆகிவிடாது' என்று அதற்கு அரைப்பக்கம். கயிறு பிடிக்கிற விளையாட்டுக்கு வந்தபோது, மச்சான் என்றால் எந்த மச்சான், அவன் ஏன் பிடிக்கிறான், கயிறு எத்தனை தரம் அசைந்தால் என்ன அர்த்தம் என்று இரண்டு பக்கம் ஓடிவிட்டது. எழுத எழுத அப்பா ஞாபகம் வந்தது. அப்பாவின் சங்குப் பை, அவர் காதில் விட்டுக்கொண்ட எண்ணெய், எல்லாம் வந்தது. பிள்ளைகள் எழுந்து அழ ஆரம்பித்தபோது ஒன்பது பக்கம் முடிந்திருந்தது. 'இப்படிக்கு, உண்மை விளம்பி' என்று முடித்து, பெரிய தபாலாபீஸில் கொண்டுபோய்ப் போட்டாள்.

அன்று சாயங்காலம் அவள் மீன் கழுவிக்கொண்டே சிரித்ததைப் பார்த்து டேவிட்சன், "என்னளா, உனக்கு யாரு கேடயம் குடுத்தா?" என்று கேட்டான்.

பத்து நாளில் உமாராணியைத் திட்ட அலுவலர் பகவதி மேடம் ஆபீஸுக்குக் கூப்பிட்டனுப்பினாள். செய்தி கேட்டதும் ஜெபசெல்வி, பதிவேட்டில் முத்திரை வாங்க வேண்டும் என்று ஒரு காரணத்தை உண்டாக்கிக்கொண்டு ஆபீஸுக்கே போய்விட்டாள். அழுதுகொண்டு வெளியே வருகிற உமாராணியைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. உமாராணி வெளியே வந்தாள். கையில் ஒரு ஜெராக்ஸ் கட்டு. அழவில்லை.

"என்ன உமா, ஏதும் பிரச்சனையா?"

"யாரோ மொட்டக் கடுதாசி போட்டிருக்காங்கக்கா என் மேல. மேடம் விளக்கம் கேட்டாங்க. நான் ஒரு காப்பி வாங்கிக்கிட்டேன்." உமாராணி அந்தத் தாள்களைப் புரட்டினாள். "ஆனா என்னமா எழுதியிருக்காங்க தெரியுமாக்கா!"

ஜெபசெல்விக்குக் காதுமடல் சூடாயிற்று. "அப்படியா? அவ்வளவு நல்லாவா இருக்கு?" என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். உமாராணி அவளை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டாள்.

அடுத்த மாதக் கூட்டம் ஆபீஸ் ஹாலில் நடந்தது. ஊழியர்களும் உதவியாளர்களுமாக நூறு பேருக்கு மேல். தேர்வுக் குழுவிலிருந்து பிச்சையா என்று ஒருவர் வந்திருந்தார். நாட்டார் வழக்காறு படித்து ரிட்டயர்டான பேராசிரியர், வெள்ளை அரைக்கைச் சட்டை, பெரிய சத்தம். முடிவை இன்றைக்கே சொல்லப்போகிறார் என்று பேச்சு. ஜெபசெல்வி புதுச்சேலை கட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

பிச்சையா முதலில் அவள் விண்ணப்பத்தைத்தான் எடுத்தார்.

"நங்கூரத் தெரு மையம். பிரமாதமான தமிழ். ஒரு பிழை கிடையாது." ஜெபசெல்வி முதுகை நிமிர்த்தினாள். பிச்சையா அவள் பக்கம் திரும்பினார். "ஆனா அம்மா, இதுல கடல் எங்க இருக்கு? பன்னெண்டு பக்கத்துல ஒரு மீன்கூட இல்லையே. இத நீங்க விளாத்திகுளத்துக் கரிசக்காட்டுல இருந்தும் எழுதியிருக்கலாம்."

ஹாலில் சிரிப்பு. ஜெபசெல்விக்கு முகத்தில் சுண்ணாம்பு அடித்தது மாதிரி ஆகிவிட்டது.

"அடுத்து சங்குக்கூடத் தெரு. இதுல கடல் இருக்கு. ஆனா தப்பும் தாராளமா இருக்கு. தப்ப மறைக்காம, அத எடுத்துக்காட்டுற ஒரு குறிப்பையும் இந்த அம்மாவே இணைப்பா வச்சிருக்காங்க." பிச்சையா ஒரு ஜெராக்ஸ் கட்டைத் தூக்கிக் காட்டினார். "ஒன்பது பக்கம். முப்பது வருஷம் இந்தக் கரையெல்லாம் சுத்திக் குறிப்பு எடுத்தவன் நான். இப்படி ஒன்ன நான் பாத்ததில்ல. கேளுங்க."

வாசித்தார். உப்பளத்து வாக்கியத்தை இரண்டு தரம் வாசித்தார். பின்வரிசையில் கைதட்டினார்கள். ஜெபசெல்வி மடியில் இருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாழ்நாளில் அவள் எழுதிய ஒன்றுக்கு அவள் முன்னால் யாரும் கைதட்டியதில்லை. சந்தோஷப்படவும் முடியவில்லை, படாமல் இருக்கவும் முடியவில்லை.

"இத யாரு எழுதுனதுன்னு தெரியல. திட்டுறதுக்கு எழுதியிருக்காங்க, அதப் பத்தி எனக்குக் கவலை இல்ல. ஆனா விதி ஒன்னு இருக்கு. உள்ளூர்ச் சமூகத்துல இருந்து ஒரு வள நபர் வேணும், குறிப்பு அவங்க எழுதினதா இருக்கணும். இத எழுதுனவங்க முன்வந்தா நிதி இந்த வட்டாரத்துக்கு. பலகையில அவங்க பேரும் வரும். இல்லன்னா எனக்கு வேற வழி இல்ல, வடக்க வேம்பார்ப் பக்கம் ஒரு மையத்துக்கு எழுதிருவேன்."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மொட்டைக் கடுதாசி போட்டேன் என்று யார் எழுந்து நிற்பார்கள்?

ஜெபசெல்வி கணக்குப் போட்டாள். வாயைத் திறந்தால் பெயர் வரும். கூடவே மானம் போகும். உமாராணி ஜெயிப்பாள். வாயைத் திறக்காவிட்டால் உமாராணிக்குக் கிடைக்காது. உமாராணிக்குக் கிடைக்காமல் போவதற்காகத்தானே அத்தனை மெனக்கெட்டது? அப்படியே நடக்கிறது. போகட்டும். வேம்பாருக்குப் போகட்டும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு எதிர்ச்சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தாள். உமாராணி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அந்தக் குனிந்த தலையைப் பார்க்க ஜெபசெல்விக்குக் குளுகுளுவென்று இருந்தது.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"நாந்தான் சார் எழுதுனேன்."

எழுந்து நின்றவள் இசபெல்லா. உமாராணி மையத்து உதவியாளர், இருபத்தைந்து வயசு, சங்குக்கூடத் தெருப் பெண். சின்னப் பிள்ளையில் ஜெபசெல்வியிடம்தான் 'அ' எழுதிப் பழகினாள். அப்போதே 'ண'வுக்கும் 'ன'வுக்கும் வித்தியாசம் தெரியாது, இப்போதும் தெரியாது. முட்டைப் பதிவேட்டில் 'என்னிக்கை' என்று எழுதுகிறவள்.

"நீங்களா! வாங்கம்மா, வாங்க. இங்க முன்னால வாங்க." பிச்சையா தானே ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டார். ஹால் முழுக்கக் கைதட்டியது. யாரோ, "எலேய் நம்ம இசபெல்லாவா!" என்று கத்தினார்கள். இசபெல்லா கூச்சப்பட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்தாள்.

உமாராணியின் மேல் ஐந்து வருஷமாகப் பட்ட பொறாமையெல்லாம் பொறாமையே இல்லை, இதுதான் பொறாமை என்று ஜெபசெல்விக்கு அப்போது தெரிந்தது. என் கடுதாசி. நான் எழுதிய கடுதாசி. அதற்கு இவள் நாற்காலி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"இந்த உப்பளத்து வாக்கியம் இருக்கே, இது எப்படிம்மா வந்துச்சு?"

"சும்மா அப்படியே தோணுச்சு சார்."

சும்மா தோணுச்சாம்! மூன்று தரம் அடித்து எழுதியவளுக்கல்லவா தெரியும். ஜெபசெல்வி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். பக்கத்து மையக்காரி, "என்னக்கா, மேலுக்கு முடியலையா?" என்று கேட்டாள்.

"சரி, இந்தக் கயிறு பிடிக்கிற இடம். சங்கு குளிக்கிறவருக்கு மச்சான்தான் கயிறு பிடிக்கணும்னு எழுதியிருக்கீங்க. ஏன் மச்சான்? உங்க வாயால சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்."

இசபெல்லா மேலே மின்விசிறியைப் பார்த்தாள். "அது... மச்சான்னா ஒரு பாசம் சார். மச்சானும் மச்சானும் பாசமா இருப்பாங்க. அந்தப் பாசத்துல..."

"பாசமாம்ளா பாசம்!"

ஹால் திரும்பிப் பார்த்தது. ஜெபசெல்வி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். எப்போது எழுந்தாள் என்பது அவளுக்கே தெரியாது. நல்ல தமிழெல்லாம் எங்கே போயிற்றோ, வாயில் நங்கூரத் தெரு வந்து நின்றது.

"எங்கப்பன் சங்கு குளிக்கையில எங்க தாய்மாமந்தான் கயிறு பிடிச்சாரு. ரெண்டு பேருக்கும் மொகம் குடுத்துப் பேச்சே கெடையாது! ஒரே படகுல போவாவ, ஒருத்தர ஒருத்தர் பாக்கமாட்டாவ. ஆனா எங்கப்பன் கயித்த வேற ஒருத்தன் கையில குடுக்கமாட்டாரு. அண்ணன் தம்பி கையில கூட. ஏன்? கூடப்பொறந்தவனுக்குச் சொத்துல ஆச வரலாம். மச்சானுக்கு அப்படி இல்ல. கயித்த விட்டா தாலி அறுக்கது அவன் தங்கச்சி! அவன் தங்கச்சிக்காகப் பிடிக்கான், இவனுக்காக இல்ல. இதத்தான நான் ஆறாம் பக்கத்துல அவ்வளவு பாடுபட்டு எழுதியிருக்கேன்? வாசிச்சுக்கூடப் பாக்காம வந்து ஒக்காந்துக்கிட்டு, பாசம்னு சொல்லுதா இவ!"

சொல்லி முடித்து மூச்சு வாங்கினாள். 'நான் எழுதியிருக்கேன்' என்ற சொல் ஹாலின் நடுவில் கிடந்தது. ஜெபசெல்வி அதை அப்போதுதான் கவனித்தாள். உட்காரலாம் என்றால் உட்காரவும் தோன்றவில்லை.

பகவதி மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். "செல்வி டீச்சர், மொட்டைக் கடுதாசி போட்டதுக்கு நாளைக்கு உங்களுக்கு மெமோ வரும். வாங்கிக்கிடுங்க."

"சரி மேடம்" என்றாள் ஜெபசெல்வி.

பிச்சையாவுக்கு மெமோவைப் பற்றியெல்லாம் அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார். "நிஜமா நீங்களாம்மா? அந்தப் பன்னெண்டு பக்கத்தையும் இந்த ஒன்பது பக்கத்தையும் எழுதுனது ஒரே ஆளா? உங்க பேரு?"

"ஜெபசெல்வி" என்றாள். பிறகு, போனது போய்விட்டது என்று, "நங்கூரத் தெரு மையம்" என்பதையும் சத்தமாகச் சொன்னாள்.

இசபெல்லா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். திருடி அகப்பட்டவள் முகமா அது? வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஒக்காருங்க டீச்சர், உங்க நாற்காலிதான்" என்று தள்ளி நின்றாள். அவள் பார்வை உமாராணியிடம் போய் வந்தது.

உமாராணி எழுந்து வந்தாள். வழக்கம்போலச் சேலை கசங்கவில்லை. கையில் வள நபர் ஒப்புதல் படிவம். அதை ஜெபசெல்வியின் முன்னால் வைத்து, பேனாவையும் திறந்து வைத்தாள். ஜெபசெல்வி படிவத்தைப் பார்த்தாள். வள நபரின் பெயர் என்ற இடம் ஏற்கெனவே பூர்த்தியாகியிருந்தது. உமாராணியின் முத்து முத்தான எழுத்தில், 'திருமதி ஜெபசெல்வி, நங்கூரத் தெரு.' தேதி போன வாரத்துத் தேதி. கையெழுத்து இடம் மட்டும் காலி.

ஜெபசெல்வி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். இசபெல்லாவைப் பார்த்தாள். மறுபடி அவளைப் பார்த்தாள்.

"நீதான் அவள எந்திரிச்சு நிக்கச் சொன்னியா?"

"நீங்களா ஒத்துக்கிடுவீங்கன்னு எனக்குத் தோணல அக்கா" என்றாள் உமாராணி, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். "ஆனா வேற ஒருத்தி எடுத்துக்கிட்டா பாத்துக்கிட்டு இருக்கமாட்டீங்கன்னு தெரியும். மொதப் பக்கத்துலயே ஒழுங்கீனம்னு எழுதிட்டீங்களே. இந்த வட்டாரத்துல வேற யாருக்கா அந்த வார்த்தைய எழுதுவா?"

ஜெபசெல்விக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதற்கு அடியில், பலகையில் பெயர் வரும் என்ற சந்தோஷமும் திருட்டுத்தனமாக இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே பழைய நெருப்பு அப்படியே எரிந்தது. கேடயம் வாங்கினாள், சரி. பிள்ளைகளை இழுத்துக்கொண்டாள், சரி. இந்தப் புத்தியும் இவளுக்குத்தானா வந்து தொலைய வேண்டும்?

பேனாவை எடுத்தாள். மேலே மையப் பொறுப்பாளர் என்ற இடத்தில் உமாராணி சின்னதாக, அழகாகக் கையெழுத்துப் போட்டிருந்தாள். ஜெபசெல்வி அதை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, அதைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தன் கையெழுத்தைப் போட்டாள்.